சித்தப்பா கம்ப்யூட்டர்ல போலி வைரஸ் எச்சரிக்கை, இங்க இருந்தே சரி பண்ணேன்

"ஓரத்துல வைரஸ் வைரஸ்னு வந்துட்டே இருக்குடா"ன்னு சித்தப்பா பதறிப்போய் போன் பண்ணாரு. அவரோடது விண்டோஸோட ஹோம் பதிப்பு, அதுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப்ல (தூரத்துல இருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கற வசதி) போக முடியாது, அதனால கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூணையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன், குவிக் அசிஸ்ட் திறந்துச்சு (அவர் ஸ்கிரீனை இங்க இருந்தே பாத்து உதவற விண்டோஸ் ஆப்). நான் சொன்ன 6 எழுத்து கோடை ஒவ்வொண்ணா வாய்விட்டு சொல்லிக்கிட்டே டைப் பண்ணாரு, பாவம், அதுக்குள்ள 10 நிமிஷம் ஓடி காலாவதியாயிடுச்சு, புதுசா ஒண்ணு கொடுத்தேன். உள்ள போய் பாத்தா வைரஸே இல்ல, ஏதோ ஒரு சைட்டுக்கு நோட்டிஃபிகேஷன் அலவ் குடுத்திருக்காரு, அதுதான் வைரஸ்னு காட்டிட்டு இருந்துச்சு, பிரவுசர் செட்டிங்ஸ்ல அதை நீக்கினதும் நின்னுடுச்சு. கூடவே வேண்டாத ஒரு புரோகிராமை எடுக்கறப்ப அட்மின் பர்மிஷன் கேட்டு என் பக்கம் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு, அங்க அவர் யெஸ் அழுத்தினப்புறம்தான் திரும்ப வந்துச்சு. தெரியாதவங்க போன் பண்ணி கோடு சொன்னா போடவே கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுதான் போனை வெச்சேன்.