சிறிய நீர்ச்செடித் தொட்டிக்கு ஏற்ற விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீர்ச்செடிகள் வளர்க்கும் சிறிய மீன்தொட்டிக்கு விளக்கு வாங்குவதற்கு முன், அதில் எந்தச் செடிகளை வளர்க்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். என் முதல் தொட்டிக்கு நான் அவ்வாறு செய்யாமல், கடையில் இருந்தவற்றுள் மிகவும் பிரகாசமான விளக்கை வாங்கினேன்; மூன்றாம் வாரத்திலேயே நூல்பாசி படர்ந்து, மெதுவாக வளரும் அனுபியாஸின் இலைகளை மூடிவிட்டது. ஒளி கூடினால் ஒளிச்சேர்க்கையின் வேகமும் கூடும். அந்த வேகத்துக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரேட், பொட்டாசியம், இரும்பு முதலிய சத்துகளும் நீரில் இல்லையென்றால் செடி தளர்ந்துபோகும், பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் எண்ணம் இல்லாதவர்கள் மிதமான விளக்கோடு நிற்பதே நல்லது.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்ட்டி ஆகியவை குறைந்த ஒளியிலேயே செழிக்கும். தரையில் கம்பளம்போல் படரும் மான்டே கார்லோவுக்கும், சிவப்பு நிறம் ஏறவேண்டிய ரோட்டாலா வகைகளுக்கும் வலுவான ஒளி தேவை.

ஒளியின் அளவை வாட்டைக் கொண்டு கணிக்கும் பழைய வழக்கம் குழல்விளக்குக் காலத்தது. ஒரே வாட்டில் எல்.இ.டி. அதைவிட அதிக ஒளி தருவதால் அந்தக் கணக்கு இன்று உதவாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணை, அதாவது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் வரை எளிய செடிகளுக்கும், 20 முதல் 40 வரை நடுத்தர வகைகளுக்கும், அதற்கு மேல் கடினமான வகைகளுக்கும் என்பது செடித்தொட்டி வளர்ப்போர் கையாளும் தோராய அளவு. நீளம் 45, அகலம் 30, உயரம் 30 செ.மீ. கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 40 லிட்டர். அடிமண்ணையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் சுமார் 33 லிட்டர் நீர் நிற்கும். எளிய செடிகளுக்கு இதில் 330 முதல் 660 லூமன் வரை போதும். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பே பெரும்பாலும் 800 லூமனுக்கு மேல் தருகிறது என்பதால், மேசைவிளக்கில் அதைப் பொருத்திச் சற்று உயர்த்தி வைத்தும் ஒரு நல்ல தொட்டியை வளர்க்க முடியும். ஆயினும் லூமன் என்பது மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டிய அளவு. செடி மிகுதியாக உறிஞ்சும் நீலமும் சிவப்பும் அதில் குறைவாகவே கணக்கில் வரும். எனவே சிவப்பு, பச்சை, நீலச் சில்லுகள் கலந்த விளக்குகளை லூமனை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள்; அதில் 6500 கெல்வின் அளவிலான பகல்வெளிச்ச வெண்மை பாதுகாப்பான தேர்வு. பவளங்களுக்கென்று விற்கும் அடர்நீல விளக்கைத் தவிர்த்துவிடுங்கள். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறத்தெளிவுக் குறியீடு (CRI) 90-க்கு மேல் இருந்தால் மீன்களின் வண்ணமும் இலைகளின் சிவப்பும் இயல்பாகத் தெரியும். செடிக்கு அது கட்டாயமன்று.

விளக்கின் நீளம் தொட்டியின் நீளத்தை ஒட்டியிருந்தால் மூலைகளும் இருளாமல் இருக்கும். ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால், கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள். புதிய தொட்டியைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். டைமர் பொருத்தி முதல் மாதம் நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரியவிட்டு, பாசி தலைகாட்டாவிட்டால் 8 மணி நேரம் வரை நீட்டுங்கள். சன்னல் வெயில் படும் இடமென்றால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

நீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் விளக்குக்கு ஐ.பி. 67 போன்ற நீர்த்தடைத் தரம் வேண்டும். மின்கம்பியை நேராகப் பிளக்குக்குக் கொண்டுசெல்லாமல், அதற்குக் கீழே வளைந்து தொங்கும்படி விட்டால், கம்பி வழியே இறங்கும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.