முட்டையிலிருந்து முதல் தீனி வரை: மீன் குஞ்சு பொரிப்பில் நீரின் வெப்பநிலையைக் கையாளும் முறை

மீன் குஞ்சு பொரிப்பில் புதிதாக இறங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்பதாகவே இருக்கும். தண்ணீர் எத்தனை டிகிரி என்று திருப்பிக் கேட்காமல் அதற்கு நேர்மையாக விடை சொல்ல முடியாது. குளிர்நீர் மீனான வானவில் டிரவுட்டின் முட்டை 10 டிகிரி செல்சியஸில் சுமார் 31 நாளிலும், 15.6 டிகிரியில் சுமார் 19 நாளிலும், 4.4 டிகிரியில் ஏறத்தாழ 80 நாளிலும் பொரிக்கிறது. தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் கருவுக்கு இல்லாததால், உயிரணுக்கள் பிளவுபடுவதும் நொதிகள் வேலை செய்வதும் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தைப் பொறுத்தே நடக்கின்றன. 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்காகிறது.

இதைக் கேட்டவுடன், தண்ணீரைச் சற்றுச் சூடாக்கினால் சீக்கிரம் குஞ்சு கிடைக்குமே என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் பெரும்பாலான தொடக்கநிலை இழப்புகள் நேர்கின்றன. முட்டைக்குள் இருக்கும் மஞ்சள்கரு அளவோடு கூடிய ஒரு சேமிப்பு. வெப்பம் கூடும்போது கரு தன் அன்றாட மூச்சுக்கே அதில் அதிகப் பங்கைச் செலவிடுவதால், உடல் கட்டுவதற்கு மிஞ்சுவது குறைகிறது. முட்டையின் ஓட்டை உள்ளிருந்து கரைக்கும் நொதியும் வெந்நீரில் முந்திக்கொண்டு சுரக்கிறது. அதனால் உடல் முழுமை பெறுவதற்கு முன்பே சிறிய குஞ்சு வெளியே வந்துவிடுகிறது. ஆகவே கீழே விளக்கும் படிகளின் நோக்கம் வேகத்தைக் கூட்டுவதன்று. அந்த இனத்துக்கு ஏற்ற வரம்பின் நடுப்பகுதியில் நீரை அசையாமல் நிறுத்துவதே.

படி 1: உங்கள் இனத்தின் வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓர் இனத்துக்கு உகந்த வெப்பம் மற்றோர் இனத்துக்கு நஞ்சாகலாம். ரோகு, கட்லா, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளின் முட்டைகளுக்கு 27 முதல் 31 டிகிரி வரை ஏற்றது. அவை 14 முதல் 18 மணி நேரத்திலேயே பொரித்துவிடுகின்றன. சாதாக்கெண்டைக்கு 20 முதல் 24 டிகிரி போதும். சுமார் மூன்று நாள் ஆகும். நைல் திலேப்பியாவுக்கு 28 டிகிரி அளவில் ஏறத்தாழ நான்கு நாள். அட்லாண்டிக் சால்மனின் முட்டையையோ 8 டிகிரிக்குக் கீழே வைப்பதே பாதுகாப்பு; அதற்கு மேல் போனால் முதுகெலும்பு, தாடை, இதயம் ஆகியவற்றில் ஊனங்கள் கூடுகின்றன. வளர்ந்த மீன் தாங்கும் வரம்பைக் கருவுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. கருவின் வரம்பு பொதுவாக அதைவிடக் குறுகியது.

படி 2: வெப்பமானியைச் சோதியுங்கள்

இதைப் பலரும் தாண்டிச் செல்கிறார்கள். நானும் ஒருமுறை தாண்டினேன். புதிதாக வாங்கிய வெப்பமானி இரண்டு டிகிரி குறைத்துக் காட்டியதால், ஒரு தொகுதிக் குஞ்சுகள் முழுவதும் கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே சிறுத்துப் பொரித்த பிறகுதான் கருவியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. சோதிக்கும் முறை எளிது. ஒரு குவளையை நொறுக்கிய பனிக்கட்டியால் நிரப்பி, இடைவெளிகள் மூடும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி, கலக்கி, வெப்பமானியின் முனையை நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். அது 0 டிகிரி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எவ்வளவு விலகுகிறதோ அதைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டு, ஒவ்வோர் அளவீட்டிலும் கழித்தோ கூட்டியோ கொள்ளுங்கள்.

அளக்கும் இடமும் முக்கியம். நீரின் மேற்பரப்பையோ ஹீட்டரின் அருகையோ அளக்காமல், முட்டைகள் கிடக்கும் ஆழத்தில் அளவெடுங்கள். நாளின் மிகக் குறைந்த வெப்பம் விடியலிலும் மிக அதிக வெப்பம் பிற்பகலிலும் வருவதால், ஒரு நாளைக்கு இரண்டு அளவீடுகளாவது அந்த நேரங்களில் வேண்டும்.

படி 3: ஹீட்டரின் ஆற்றலைக் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல் ஆற்றல் தேவை. 200 லிட்டர் தொட்டியை 26 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குக் கொண்டுவர 200 வாட் ஹீட்டருக்கு, சுற்றுப்புறத்துக்கு இழக்கும் வெப்பத்தைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் பிடிக்கும். இந்த மெதுவான ஏற்றத்தைக் குறையாக எண்ணாதீர்கள். அதுவே முட்டைக்கு நல்லது. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய ஹீட்டர்கள் இரண்டைத் தனித்தனித் தெர்மோஸ்டாட்டுடன் (குறித்த வெப்பத்தில் ஹீட்டரைத் தானே அணைக்கும் கருவி) பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு தெர்மோஸ்டாட் அணையாமல் சிக்கிக்கொண்டாலும் நீர் ஒரேயடியாகக் கொதிநிலை நோக்கி ஓடாது. ஒன்று நின்றுபோனாலும் மற்றது சரிவைத் தாமதப்படுத்தும்.

படி 4: முட்டைகளைப் பதமாக நீரில் விடுங்கள்

கருவுற்ற முதல் சில மணி நேரமே கருவின் மிக மென்மையான காலம். இதற்கு இனப்பெருக்க வல்லுநர்களின் ஓர் உத்தியே சான்று. கருவுற்ற சில நிமிடங்களில் டிரவுட் முட்டைகளை 26 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்தால், முட்டை இயல்பாக வெளியேற்ற வேண்டிய ஒரு தொகுதி குரோமோசோம்கள் உள்ளேயே தங்கி, மூன்று தொகுதி கொண்ட மலட்டு மீன் உருவாகிறது. அவர்கள் கணக்கோடு செய்வதை நாம் கவனக்குறைவால் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முட்டை வரும் பையின் வெப்பத்தையும் தொட்டியின் வெப்பத்தையும் முதலில் அளந்து பாருங்கள். வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருந்தால், பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து விடலாம். வேறுபாடு அதற்கு மேல் இருந்தால், தொட்டியின் வெப்பத்தைப் பைக்கு இணையாக முன்கூட்டியே அமைத்து முட்டைகளை விட்டுவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மிகாமல் இலக்கை நோக்கி நகர்த்துவது என் வழக்கம்.

முதுகெலும்பின் கண்டங்கள் வரிசையாக உருவாகும் கட்டத்தில் வெப்பம் தடுமாறினால், முதுகு வளைந்த குஞ்சுகளும் முள்ளெலும்புகள் ஒட்டிக்கொண்ட குஞ்சுகளும் தோன்றலாம். அந்தக் குறை பல வாரங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும் என்பதால், பலர் தீனியின் மேல் பழி போடுகிறார்கள்.

படி 5: டிகிரி-நாள் கணக்கு எழுதுங்கள்

வளர்ச்சியை நாள்காட்டியால் அளப்பதைவிட டிகிரி-நாள் என்னும் அளவால் அளப்பது துல்லியமானது. ஒரு நாளின் குறைந்த வெப்பத்தையும் கூடிய வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி கிடைக்கும். கருவுற்ற நாள் தொடங்கி அந்தச் சராசரிகளைத் தினமும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 9.5, 10, 10.5, 10 டிகிரி என நான்கு நாள் கழிந்தால் 40 டிகிரி-நாள் ஆகிறது. பெருங்கெண்டை போல ஒரே நாளில் பொரிப்பவற்றுக்கு இதையே மணிக்கணக்கில் எழுதலாம்.

வானவில் டிரவுட் 10 டிகிரியில் சுமார் 310 டிகிரி-நாளில் பொரிக்கிறது. முட்டைக்குள் கருவின் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும் நிலையை அது ஏறத்தாழ அதன் பாதி வழியில் எட்டுகிறது. கண்புள்ளி தெரியும் வரை முட்டையை அசைப்பதும் இடம் மாற்றுவதும் கருவைக் கொன்றுவிடும். தெரிந்த பிறகோ செத்த முட்டைகளைப் பொறுக்கலாம், வேறு தட்டுக்கும் மாற்றலாம். அந்த நாள் எப்போது வரும் என்பதைத் தட்டைத் தொடாமலே சொல்லிவிடுவதில்தான் இந்தக் கணக்கின் உண்மையான பயன் இருக்கிறது.

ஆயினும் இது மாறாத எண் என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் சொன்ன நாள்களையே பெருக்கிப் பாருங்கள்: 4.4 டிகிரியில் 80 நாள் என்பது சுமார் 350 டிகிரி-நாள், 15.6 டிகிரியில் 19 நாள் என்பது சுமார் 296. நடுவரம்பில் மட்டுமே இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஓரங்களுக்குப் போகப்போக விலகும்.

படி 6: வெப்பத்தோடு காற்றையும் பாருங்கள்

வெப்பம் தனியாக வருவதில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர், 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே. கருவின் தேவை இரு மடங்காகும் அதே நேரத்தில் வரவு குறைகிறது. செவுள்கள் வேலை செய்யத் தொடங்காத கரு, ஓட்டின் வழியே ஊடுருவி வரும் ஆக்ஸிஜனை மட்டுமே நம்பியிருப்பதால், முட்டைகளின் மேல் நீர் மென்மையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பொரிப்பதற்குச் சற்று முன் தேவை உச்சத்தை எட்டும். அப்போது மூச்சு முட்டினால் சில இனங்கள் முதிராமலே ஓட்டை உடைத்து வெளியேறிவிடுகின்றன.

அம்மோனியாவும் இப்படித்தான். காரகாடித்தன்மை (pH) 8 ஆக இருக்கும் நீரில், மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் 20 டிகிரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு. 30 டிகிரியில் 7.5 விழுக்காடு. எனவே எதிர்பாராமல் நீர் சூடேறிவிட்டால் பனிக்கட்டியைக் கொட்டாதீர்கள். முதலில் காற்றூட்டலைக் கூட்டுங்கள். ஆவியாதலால் அதுவே சற்றுக் குளிர்விக்கும். பிறகு சற்றுக் குளிர்ந்த நீரைச் சிறிய அளவுகளில் மாற்றுங்கள்.

படி 7: பொரித்த பின் முதல் தீனிக்குத் தயாராகுங்கள்

பொரித்த குஞ்சு மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. அந்தப் பை தீரும் வேகத்தையும் வெப்பமே தீர்மானிக்கிறது. பெருங்கெண்டைக் குஞ்சுக்கு 28 டிகிரி அளவில் சுமார் மூன்று நாளில் அது கரைந்துவிடும். குளிர்நீரில் வளரும் சால்மன் குஞ்சுக்குப் பல வாரங்கள் எடுக்கும். தீனி தாமதமானால், பிறகு கொடுத்தாலும் உண்ணும் வலுவில்லாத ஒரு நிலையைக் குஞ்சு கடந்துவிடுகிறது. வெந்நீரில் அந்த அவகாசம் இன்னும் குறுகுகிறது. உயிர்த்தீனியாகத் தரும் ஆர்டீமியா என்னும் சிறிய உப்புநீர் உயிரியும் 28 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கக்கூடியது, குளிர்ந்த அறையில் இழுத்தடிக்கும். ஆகவே தீனித் தொட்டியின் வெப்பத்தையும் குஞ்சுத் தொட்டிக்கு இணையாகக் கவனியுங்கள்.

திலேப்பியா வளர்ப்போர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொரித்து நீந்தத் தொடங்கும் பருவத்திலிருந்து பத்து நாளுக்கு மேல் 36 டிகிரி அளவில் வைத்தால், மரபுப்படி பெண்ணாக வேண்டிய குஞ்சுகளில் ஒரு பகுதி ஆணாகிவிடுகிறது. விளைவு பெற்றோர் மீன்களைப் பொறுத்துக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடுவதாலும் இறப்பும் ஊனமும் கூடுவதாலும், தொடக்கநிலையாளர் இதை ஓர் உத்தியாகக் கையாள முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 8: தொகுதிக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு தொகுதிக்கும் கருவுற்ற நேரம், நாளின் இரு அளவீடுகள், கூடிவரும் டிகிரி-நாள், கண்புள்ளி தெரிந்த நாள், முதல் குஞ்சும் கடைசிக் குஞ்சும் பொரித்த நேரம், ஊனமுற்றவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடைவெளி நீண்டிருந்தால், தட்டின் ஒரு மூலையில் நீர் குளிர்ந்தோ தேங்கியோ இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று நான்கு தொகுதிகள் கழிந்தபின் உங்கள் நீருக்கும் உங்கள் தாய்மீன்களுக்கும் உரிய டிகிரி-நாள் எண் அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும். அடுத்த தொகுதி அந்த எண்ணைவிட வெகுவாக முந்தியோ பிந்தியோ பொரித்தால், வேறெதையும் மாற்றுவதற்கு முன், வெப்பமானியை மறுபடியும் பனிக்கட்டிக் குவளையில் வைத்துப் பாருங்கள்.