கழிவுநீர் மனு எழுதுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் தங்கள் ஊர் ஆற்றுக்காக எழுதிய மனுவைக் காட்டினார்கள். முதல் பக்கத்திலேயே, இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. எழுத்துப்பிழை, விடுபட்ட கையெழுத்தெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இது அப்படியல்ல.

'அனுமதித்த அளவை மீறிவிட்டார்கள்'

இதை மட்டும் நம்பி எழுதினால் தோற்பீர்கள். நொய்யல் பக்கம் ஒரு விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு போனேன். வாயில் வைத்தால் கரிக்கும். அதிகாரி அமைதியாக ஆலைக் கழிவுநீரின் ஆய்வறிக்கையைத் திருப்பிக் காட்டினார்: லிட்டருக்கு 2,050 மில்லிகிராம் உப்பு. அனுமதி 2,100. பாட்டிலை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமில் ஒரு ஆலை தினமும் பத்து லட்சம் லிட்டர் கழிவுநீர் விட்டால் 2,100 கிலோ உப்பு. அத்தனையும் சட்டப்படி! பக்கத்து ஆலைக்கும் அதே அனுமதி, அதற்கடுத்ததற்கும் அதேதான். சிலர் போர்வெல் தண்ணீரைக் கலந்து அந்த மில்லிகிராம் கணக்கை மட்டும் இறக்குவார்கள். உப்பு ஒரு கிலோகூடக் குறையாது, நிலத்தடி நீரும் போச்சு. பாசனத்துக்கென்று நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சினார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது; அதையும் மதிக்காததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது.

எரிச்சல் என்னவென்றால், கேட்க வேண்டிய கேள்வி 1974 நீர்ச் சட்டத்திலேயே இருந்தது. 17(1)(கே) பிரிவு: மழையில்லாக் காலத்தில் ஆற்றில் கலக்கக் கிடைக்கும் குறைந்தபட்சத் தண்ணீரையும், கழிவு சேர்ந்த பிறகு ஆறு தாங்கும் அளவையும் பார்த்து, அந்தந்த ஆற்றுக்குத் தரஅளவு வகுப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பணி. நான் அதைத் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை முடித்த பிறகே இசைவாணை (கழிவுநீர் விட வாரியம் தரும் அனுமதி) என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. திருத்தம் கேட்பதாக இருந்தால் அதைக் கேளுங்கள்: ஆற்றுக்கு மொத்தச் சுமை எவ்வளவு, அதில் ஏற்கெனவே எவ்வளவு போய்விட்டது, மீதி இல்லையென்றால் புது இசைவாணையும் இல்லை.

பூமியின் ஒன்பது எல்லைகளோடு தொடங்குவது

பூமி தாங்கும் என்று விஞ்ஞானிகள் வகுத்த எல்லைகள் அவை; 2023 ஆய்வின்படி ஒன்பதில் ஆறு தாண்டியாயிற்று, சரி. பசுமைத் தீர்ப்பாயத்தில் உங்கள் ஆற்றைப் பற்றித்தான் கேட்பார்கள்.

நாள் கணக்கை விடுவது

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60. அப்புறம் கதவு மூடிவிடும்.

மழை முடிந்த மறுநாள் மாதிரி எடுப்பது

வேண்டாம். மே மாதம், ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும்போது எடுங்கள்.