சொவரின் ஹில் ஓடையில் தங்கம் அரிப்பது எப்படி? முதல் தடவை போகும் குடும்பங்களுக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள பல்லாரட்டில் 1851இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் உலகத்தின் நாலா பக்கமிருந்தும் வந்து குடியேறியவர்களின் வாழ்க்கையை ஓர் ஊராகவே எழுப்பிக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் சொவரின் ஹில். 1970இல் திறந்தார்கள். மெல்பேர்னிலிருந்து காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

குதிரை வண்டிக்கும் மிட்டாய்க் கடைக்கும் வழிகாட்டல் தேவையில்லை, பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போவார்கள். ஓடைக்குத்தான் தேவை. பல குடும்பங்கள் கொஞ்ச நேரம் தண்ணீரை அளைந்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லை" என்று எழுந்துவிடுகின்றன. இருக்கிறது. கிடைப்பது உங்களுக்கே சொந்தம்.

உள்ளே போனதும் முதலில் ஓடைக்குப் போங்கள். மதியத்தில் கரையில் இடம் பிடிப்பதே பெரும்பாடு. தட்டும் மண்வெட்டியும் அங்கேயே கிடைக்கும். உட்பக்கத்தில் வரிவரியாகப் பள்ளம் உள்ள தட்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். குளிர்காலமென்றால் பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறையும் வேண்டும், பல்லாரட் குளிர் மெல்பேர்ன் குளிரைப் போன்றதல்ல.

முதலில் அரைத் தட்டுக்குச் சரளை அள்ளுங்கள். மேலாக வழிக்காமல் அடியில் இருப்பதைத் தோண்டுங்கள். களிக்கட்டிகளைத் தண்ணீருக்குள் விரலால் கரைத்துவிட்டு, பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள்.

அடுத்ததில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தட்டை உடனே சரித்துவிடக் கூடாது. தண்ணீருக்குள் மட்டமாகப் பிடித்து, இடமும் வலமுமாக நன்றாகக் குலுக்க வேண்டும். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். குலுக்கக் குலுக்கத் தங்கம் மணலுக்குள் இறங்கி அடியில் போய்ப் படியும். அது இறங்குமுன் சரித்தால் மணலோடு தங்கமும் ஓடைக்கே திரும்பிவிடும். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள்.

பிறகு தட்டின் முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தி, மேல்மணலை மட்டும் அலை அடித்துப்போகவிடுங்கள். மறுபடி மட்டமாக்கிக் குலுக்கல், மறுபடி சரிப்பு. அரிக்கன்சட்டியில் அரிசி அரித்துக் கல் பிரித்த கைகளுக்கு இது புதிதல்ல. இங்கே அரிசியைப் போகவிட்டுக் கல்லை வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதல் தங்கப் பொட்டை எடுத்தது அம்மம்மா. யூடியூபில் பார்த்துப் பழகிய மருமகன் பக்கத்தில் சும்மா நின்றார்.

கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றினால் ஓரத்தில் மஞ்சள் பொட்டுகள் தெரியும். ஈரமில்லாத விரல்நுனியால் அழுத்தி எடுத்து, தண்ணீர் நிரப்பிய குப்பிக்குள் தொட்டால் பொட்டு கழன்று விழும். சாமணமெல்லாம் வீண் வேலை.

இடையில் பிள்ளைகள் சிணுங்கினால் ஒரு கதை சொல்லலாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு தோண்டுபவரும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அந்தக் கட்டணமும் அதைக் கேட்டுப் பொலிசார் நடத்திய வேட்டையும் மூட்டிய கோபம்தான் 1854 டிசம்பர் 3ஆம் தேதி தோண்டுபவர்களுக்கும் அரசுப் படைக்கும் நடந்த யுரேகா மோதலில் போய் முடிந்தது. 1858இல் பேக்கரி ஹில்லில் கிடைத்த 'வெல்கம்' தங்கக் கட்டி ஏறத்தாழ 69 கிலோ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சிணுங்கல் நின்றுவிடும்.

பிற்சேர்க்கை: எல்லாம் சொன்னபடி செய்தும் பொட்டுகள் மிதந்து ஓடிவிட்டன என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கையில் சன்ஸ்கிரீன் பூசியிருந்தாராம். எண்ணெய்ப் பசை பட்டால் நுண்ணிய தங்கம் நீரில் மிதக்கும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஓடையில் இறங்குங்கள்.

இன்னொருவர் குப்பி நிறைய மினுமினுப்பைப் படமெடுத்து அனுப்பினார். பெரும்பாலும் மைக்காவாகத்தான் இருக்கும், தங்கம்போல் மினுங்கும் சாதாரணக் கனிமம் அது. உங்கள் நிழல் தட்டில் விழும்படி திரும்பிப் பாருங்கள். மைக்கா அணைந்துவிடும், தங்கம் நிழலிலும் மஞ்சளாகவே இருக்கும்.