மனப்பாரம் பற்றிய ஆராய்ச்சிக்குத் தோட்டத்தில் காசு சேர்ப்பது எப்படி

என் அம்மாவுக்கு 11 வருடம் தலையிடி. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். தலையிடி, நெஞ்சில் கல் வைத்த மாதிரி பாரம், விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு. மருந்துக்குப் போனால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டினோம். கடைசியில் ஒரு வைத்தியசாலையில் இளம் டாக்டர் ஒருவர், "அம்மா, முந்தி ஆசையாகச் செய்த எதையாவது இப்போது விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். ரேடியோவில் பாட்டுக் கேட்பதை அவர் விட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அந்த டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்ய நாலைந்து வாரம் பிடித்தது. அப்புறம் ஒரு நாள் தானாகவே எழுந்து போய் ரேடியோவைத் திருகினார்.

அந்தக் கேள்வி, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் கேட்கும் பிஎச்க்யூ-9 என்ற பட்டியலின் முதல் கேள்வி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மொத்தம் ஒன்பது கேள்விகள், எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூட்டினால் அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் கவனமாகப் பார்க்க வேண்டும். யாரோ பல வருடம் ஆராய்ந்து அந்தக் கேள்விகளைச் செதுக்கியதால்தான் என் அம்மா எனக்குத் திரும்பக் கிடைத்தார். அதனால்தான் காசு சேர்க்கிறேன். ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன், காசு சேர்ப்பதற்கான நடைபவனியை இதுவரை நான்கு முறை நடத்தியிருக்கிறேன். நீங்கள் நடத்துவதாக இருந்தால் நான் கற்றுக்கொண்டது உதவும்.

காசு யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். முதல் வருடம் நாங்கள் "மன நல ஆராய்ச்சிக்கு" என்று மட்டும் எழுதிக் காசு சேர்த்தோம். சேர்ந்த பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. நான்கு மாதம் அந்தக் காசு என் கடைப் பெட்டியில் கிடந்தது. ஒருவரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை, ஆனாலும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போகவே கூசியது.

இப்போது பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடத்துக்கு முதலில் நேரில் போய்ப் பேசுகிறோம். ஹட்டனிலிருந்து கண்டி பஸ் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அங்கே இறங்கிவிடலாம். மூன்று விஷயம் கேட்பேன். கலந்துகொள்ளும் ஆட்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் ஒழுக்கநெறிக் குழு அந்த ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா? எங்கள் ஆட்களைத் தமிழில், எங்களுக்குப் புரியும் சொல்லில் கேட்பார்களா? முடிந்த பிறகு முடிவைத் திரும்ப வந்து சொல்வார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால், பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான், பற்றுச்சீட்டோடு. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனி ஒருவர் கையில் வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை விட்டுக்கொடுக்காதீர்கள். "மனச்சோர்வு" என்ற சொல்லை என் அம்மா டாக்டரிடம் போகும்வரை கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்தது நெஞ்சுப் பாரம், கை கால் ஓய்ச்சல், மனசு விட்டுப்போனது. அந்தச் சொற்கள் கேள்வித்தாளில் இல்லாவிட்டால் மலைநாட்டுப் பெண்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கணக்கில் எடுத்து நாம் நன்றாக இருக்கிறோம் என்று எழுதிவிடுவார்கள்.

"ஆராய்ச்சி எதற்கு, அந்தக் காசில் அரிசி வாங்கிக் கொடுக்கலாமே" என்று குழுவிலேயே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். நான் இப்படிச் சொல்வேன். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட 47 பேர் தற்கொலையில் போனார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. எந்தப் பூச்சிமருந்துகள் உயிரைக் குடிக்கின்றன என்று ஆராய்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்து வருடத்தில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. இதைக் குழுவுக்குள் பேசலாம், மேடையில் வேண்டாம். யார் எப்படிப் போனார் என்ற விவரம் ஒலிபெருக்கியில் வரவே கூடாது.

மேடைக்கு நான் வைத்திருப்பது ஹராரே ஆயாக்களின் கதை. சிம்பாப்வேயில் வயதான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரப்பெஞ்சில் உட்கார்த்தி, மனம் உடைந்தவர்களோடு பேச வைத்தார்கள். அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துப் பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் தந்திருந்தது. இதைச் சொன்னதும் எங்கள் பாட்டிமார் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர்கள் தினமும் செய்யும் வேலைதானே அது.

நாளும் இடமும்

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் நல்லது. எல்லாருக்கும் லீவு, சாராயக் கடையும் மூடியிருக்கும். சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் போயாவாகப் பாருங்கள். தீபாவளி முற்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கும் மாதங்களில் காசு கேட்கவே கேட்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் மழை விடாது. ஜனவரி, பிப்ரவரி வசதி, ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், மஸ்கெலியா வீதியில் வாகனம் நெருக்கும். ஆகவே மெயின் ரோட்டில் நடைபவனி வைக்காமல் தோட்டத்து வீதியிலேயே வையுங்கள். அக்டோபர் 10 உலக மன நல தினம்தான், என்றாலும் தீபாவளிச் செலவு நெருங்கும் நேரம் என்பதால் நாங்கள் அன்று ஒரு பேச்சு மட்டும் வைக்கிறோம்.

தோட்டத்து வீதியில் நடக்க, தோட்டத்தை நடத்தும் துரையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. இரண்டையும் மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தகவல் சொல்லிவிட்டால் நல்லது.

நாங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொடங்கி மாரியம்மன் கோயில் வரை நடக்கிறோம், சுமார் 4 கிலோமீட்டர். கோயில் மண்டபத்தில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் இருக்கும். விலை எழுதாமல் பக்கத்தில் உண்டியல் வைப்போம், முடிந்ததைப் போடலாம். வெட்டு மிஞ்சிய துணியில் என் கடைப் பிள்ளைகள் தைத்த பைகளும் விற்கும். நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள். கட்டணம் என்றதும் வராமல் போவது, மனது உடைந்து கிடக்கும் அந்த ஒரு ஆள்தான்.

கணக்குக்கு, மரண உதவிச் சங்கத்தின் கணக்கை எழுதுபவரைக் கேளுங்கள். லயத்தில் எல்லாரும் ஏற்கெனவே நம்பும் கை அது. உண்டியலைக் கோயில் உண்டியல் மாதிரியே எல்லார் முன்னாலும் உடைத்து எண்ணுங்கள். போன முறை 38,450 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் எழுத்தெழுத்தாகக் கணக்கு இருந்தது. வெளியிலிருந்து நன்கொடை கேட்பதாக இருந்தால் சாராயக் கம்பனியிடமும் நுண்கடன் கொடுப்பவர்களிடமும் போகாதீர்கள். எங்கள் பெண்களில் பாதிப்பேரின் தூக்கத்தைக் கெடுத்தவை அவை இரண்டும்தான்.

மைக் பிடிப்பவரைக் காப்பாற்றுங்கள்

இதில்தான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். இரண்டாவது வருடம் ஓர் அண்ணன் திடீரென்று எழுந்து, மனைவியை இழந்ததைப் பற்றி மைக்கில் பேசத் தொடங்கினார். கூட்டமே அழுதது, உண்டியலும் நிறைந்தது. கூட்டம் கலைந்தபோது அவர் மட்டும் கோயில் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரோடு இருக்க ஒருவரையும் நாங்கள் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அன்று இரவு நானும் என் தம்பியும் அவர் காம்பராவுக்குப் போய் விடியும்வரை இருந்தோம்.

அதன் பிறகு, சொந்தக் கதை சொல்பவரோடு முன்னாலேயே இரண்டு தரம் உட்கார்ந்து பேசுகிறோம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் விருப்பம், கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் சரிதான். அவருக்கென்று ஒரு துணை, அன்று முழுவதும், அடுத்த வாரமும். போட்டோ எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும், முகநூலில் போடுவதற்கு முன் இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

மண்டபத்தின் ஒரு மூலையில் பாயும் பிளாஸ்க்கும் வைத்து, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ மாதுவையோ மன நலத் தாதியையோ உட்கார வையுங்கள். "ஆலோசனை" என்று போர்டு மாட்டாதீர்கள், எல்லாரும் பார்க்க அங்கே ஒருவரும் போக மாட்டார்கள். நாங்கள் "தேத்தண்ணி இங்கேயும் உண்டு" என்று எழுதி வைக்கிறோம். தேசிய மன நல நிறுவனத்தின் 1926, இலவச ஆலோசனைக்கான 1333 ஆகிய இரண்டு எண்களையும் சின்னச் சீட்டில் அடித்துத் துணிப்பைகளுக்குள் போட்டு வைக்கிறோம். அடிப்பதற்கு முன் நீங்களே அழைத்து, தமிழில் பேசுபவர் எந்த நேரம் இருப்பார் என்று கேட்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

காசைக் கட்டிய ஒரு வாரத்துக்குள் கணக்குத் தாளையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் மடுவத்தில் ஒட்டிவிடுங்கள். ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து முடிவு வர ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். வரும்போது ஒரு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் அங்கேயே ஒட்ட வேண்டும், மழைச்சாரல் படாத உள்சுவரில், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது கண்ணில் படும் உயரத்தில்.