காசில்லாத கேசினோ: கேம் தொகுப்பு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நிஜக் காசு கிடையாது, அப்புறம் இதில் என்ன இருக்கிறது?" கேசினோ எனும் சூதாட்ட விடுதியின் ஆட்டங்களை வீடியோ கேமாகத் தரும் தொகுப்புகளைப் பற்றிய விமர்சனங்களில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும். அட்டாரி 2600 என்ற பழைய கேம் கன்சோலின் காலத்தில் 'கேசினோ' என்றே ஒரு கேட்ரிட்ஜ் வந்தது, பிளாக்ஜாக், போக்கர் என்ற சீட்டாட்டங்கள் அதில் உண்டு. அன்று தொடங்கி இன்றுவரை இந்த வகை கேம்களுக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் வழக்கம். அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் முதல் தவறு. கார் பந்தய கேமில் நமக்கு அடிபடவில்லையே என்று யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. கேசினோ கேமிடம் மட்டும் ஏன் அதை எதிர்பார்க்க வேண்டும்? விமர்சனத்தில் தேட வேண்டியது வேறு: காசு இருக்க வேண்டிய இடத்தில் இந்த கேம் எதை வைத்திருக்கிறது?

1993-இல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்த 'வேகஸ் ஸ்டேக்ஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'கிர்பி' கேம்களை உருவாக்கிய அதே ஹால் லேபரட்டரிதான் இதையும் செய்தது. பிளாக்ஜாக், போக்கர், ஸ்லாட் மெஷின், எண் சக்கரம் சுற்றும் ரூலெட், பகடை உருட்டும் கிராப்ஸ் என்று ஐந்தே ஆட்டம்தான், எண்ணிக்கையில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கையில் 1,000 டாலரோடு உள்ளே விடுகிறார்கள், இலக்கு 1 கோடி டாலர், கூட வருவதற்கு ஒரு நண்பரையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு நடுவே முன்பின் தெரியாத யாராவது வந்து ஏதாவது கதை சொல்வார்கள். நம்பினால் சில சமயம் காசு வரும், சில சமயம் போகும். அந்தப் பொய்க் காசுக்கு ஒரு கனம் வருவது இதனால்தான். "40 வகை ஸ்லாட் மெஷின்" என்று அட்டையில் போட்டிருக்கும் தொகுப்பு எதுவும் எனக்கு இந்த அளவுக்குப் பதற்றம் தந்ததில்லை. ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதை மனதில் வைத்துத்தான்.

ஒரு கன்சோலுக்கான விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்னொரு கன்சோலுக்கான பதிப்பை வாங்குவதும் இந்த வகையில் அடிக்கடி நடக்கும். லாஸ் வேகஸிலேயே இருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 'கோல்டன் நக்கட்' என்று ஒரு கேமைச் செய்தது. பிளேஸ்டேஷன் பதிப்பில் பழைய டிவி பேட்மேன் ஆடம் வெஸ்ட் நடித்த வீடியோக் காட்சிகளும், கொஞ்சம் அசட்டுத்தனமான ஒரு துப்பறியும் கதையும் இருந்தன. நின்டெண்டோ 64-க்குப் போனபோது கதை, வீடியோ எல்லாம் காணாமல் போய் வெறும் மேசைகள் மட்டும் மிஞ்சின. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், சரக்கு வேறு.

'ஹாய்ல்' என்ற பெயரைப் பார்த்தே நம்பிவிடுபவர்களும் உண்டு. எட்மண்ட் ஹாய்ல் 1742-இல் விஸ்ட் என்ற சீட்டாட்டத்துக்கு விதிப்புத்தகம் எழுதியவர், 1769-இல் இறந்துவிட்டார். பாவம், ஸ்லாட் மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! சியரா நிறுவனம் 1989-இல் அவர் பெயரில் தொடங்கிய வரிசையின் ருசியே எதிரில் உட்கார்ந்து ஆடுபவர்களில்தான் இருந்தது. தங்களுடைய மற்ற கேம்களின் ஆட்களையே, லாரி, ரோஜர் வில்கோ எல்லாரையும் கூட்டிவந்து சீட்டாட உட்காரவைத்தார்கள். அதே பெயரில் பின்னாளில் கேசினோ தொகுப்புகளும் வந்தன. அட்டையில் பெயர் இருப்பதாலேயே பழைய அனுபவம் உள்ளே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பெரும்பாலான விமர்சகர்கள் தொடாமலே விட்டுவிடும் இடம், விதிகள். ஆனால் காசு இல்லாத கேசினோவில் அசலாக மிஞ்சுவது அது ஒன்றுதான். ரூலெட் சக்கரத்தில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தால் மொத்தம் 37 கட்டம், நீங்கள் வைக்கும் பணத்தில் சராசரியாக 2.70% கேசினோவுக்கு. இரட்டைப் பூஜ்யமும் இருக்கிற அமெரிக்கச் சக்கரம் என்றால் 38 கட்டம், கேசினோவின் பங்கு 5.26%. ஒரே ஒரு கட்டம்தான் கூடுதல், ஆனால் உங்கள் இழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 2 டாலர் பந்தயத்துக்கு 3 தருகிறதா, 5-க்கு 6 மட்டும் தருகிறதா என்று பாருங்கள், முதலாவதுதான் உங்களுக்கு லாபம். வீடியோ போக்கரில் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (ஜாக் ஜோடியிலிருந்து பணம் தரும் வகை) இருந்தால், பரிசுப் பட்டியலில் ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்கு 9 மடங்கு, ஃப்ளஷ்ஷுக்கு 6 மடங்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்து, தப்பே செய்யாமல் ஆடினால் 99.54% திரும்பி வரும், அதுவே 8 மடங்கு, 5 மடங்கு என்று ஆனால் சுமார் 97.3%-க்கு இறங்கிவிடும். இந்த விதிகளை மாற்றிக்கொள்ள அமைப்புகளில் வழி கொடுத்திருக்கும் தொகுப்பு, படங்கள் எவ்வளவு பழசாக இருந்தாலும், என் கணக்கில் நல்ல தொகுப்பு.

அடுத்ததை நானே செய்திருக்கிறேன். தோற்றவுடன், சேவ் செய்து வைத்த பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஆடுவது. ஒரு வாரம் இப்படி ஆடியபோது, தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் பழைய உத்தி தோற்கவே தோற்காது என்று உண்மையாகவே நம்பினேன். கணக்கு போட்டுப் பாருங்கள். 1,000 டாலரோடு ரூலெட்டில் சிவப்பு நிறத்தின் மேல் 10 டாலர் வைக்கிறீர்கள், தோற்றால் 20, அப்புறம் 40, 80, 160, 320. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 630 டாலர் போயிருக்கும், அடுத்து வைக்க வேண்டியது 640, கையில் இருப்பதோ 370. அமெரிக்கச் சக்கரத்தில் இப்படித் தொடர்ந்து ஆறு தோல்வி வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 47-க்கு 1. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்துக் கிடைப்பது வெறும் 10 டாலர். 46 சுற்று ஜெயித்தாலும் 460 டாலர்தான், ஒரு சுற்றில் போவதோ 630. பழைய சேவுக்கே திரும்பித் திரும்பி ஆடுபவருக்கு அந்த 47-ஆவது சுற்று கண்ணிலேயே படாது, அவ்வளவுதான். இப்படிப் "பயிற்சி" எடுத்துக்கொண்டு நிஜ மேசைக்குப் போவது தூண்டில் புழுவை ருசி பார்க்கப் போகிற மீன் கதைதான்.

ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் தொகுப்பையும், போனில் 'இலவசம்' என்று வரும் சமூக கேசினோ ஆப்களையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். முதலாவதில் சிப்ஸ் (பந்தயம் வைக்கும் வில்லைகள்) தீர்ந்தால் புதிதாகத் தொடங்கலாம். இரண்டாவதில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நிஜக் காசு கொடுத்து சிப்ஸ் வாங்க வேண்டும், ஜெயித்ததை மாத்திரம் காசாக்க முடியாது. இப்படிப்பட்ட ஆப்பான 'பிக் ஃபிஷ் கேசினோ' மீதான வழக்கில் 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அந்த மெய்நிகர் சிப்ஸுக்கும் மதிப்பு உண்டு, அதனால் அது சூதாட்டம்தான் என்று சொல்லிவிட்டது. 2020-இல் அந்த வழக்கு 15.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

வயது முத்திரையை மட்டும் பார்த்து ஒதுக்குவதும் சில சமயம் ஏமாற்றும். 2024-இல் வந்த 'பலாட்ரோ' என்ற கேமில் போக்கர் சீட்டுச் சேர்க்கைகள் இருக்கின்றன, பந்தயமே கிடையாது. ஆனாலும் கேம்களுக்கு வயது முத்திரை தரும் ஐரோப்பிய அமைப்பான பெகி அதற்கு 18 என்று முத்திரை குத்தியது, சில நாடுகளில் கடையிலிருந்தே கொஞ்ச நாள் எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து சீட்டுப் பொட்டலம் பிரிக்கும் கால்பந்து கேமுக்கு 3, என் கேமுக்கு 18-ஆ என்று அதை உருவாக்கியவர் கிண்டலடித்தார். முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அது 12 ஆனது. 2024-இல் எழுதிய பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு இது பெரியவர்களுக்கான சூதாட்ட கேம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.