அரிய புல்புல் பறவையைப் பார்க்க: முதலில் காது, பிறகு கண்

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே தினமும் கத்தும் புல்புல் வேறு. வைக்கோல் நிறத் தலைகொண்ட பெரிய புல்புல் வேறு. இது பாட்டுக்காகவே கூண்டில் அடைக்கப்பட்டு, அண்டை நாடுகளின் காடுகளில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்ட பறவை. நமக்கோ புலாவ் உபின் தீவிலும் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவிலும் இன்னும் இருக்கிறது.

பைனாகுலரை உடனே தூக்காதீர்கள். காலை 7 மணிவாக்கில் மரங்கள் அடர்ந்த ஓரத்தில் பேசாமல் நில்லுங்கள். கணீரென்று, குமிழி குமிழியாகப் பொங்கிவரும் பாட்டு கேட்கும்; பெரும்பாலும் ஒன்று தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ளும். அந்தத் திசையில் இலைகள் அசைகிறதா பாருங்கள். பொன்வைக்கோல் நிறத் தலை, கண்ணோரமும் தாடையோரமும் கறுப்புக் கோடு, வெள்ளைத் தொண்டை, மார்பில் வெண்கீற்றுகள், மைனாவைவிடப் பெரிய உடல். தலையில் அந்தப் பொன்னிறம் இல்லாமல் வால் அடியில் மட்டும் மஞ்சள் தெரிந்தால் அது நம் புளோக்குப் புல்புல்தான், ஏமாறவேண்டாம்.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காத வேலை. போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று அது பதறும். தீனி போடுவதோ சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

கூடு கண்ணில் பட்டால் படமெடுத்து இடத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிடித்து விற்பவர்களும் அதைப் பார்ப்பார்கள்.